க்ராய்ராண்ட் மேட்டில் நாற்பத்தொரு நாள் மழை

மீட்டா மல்காஸ் பதினொரு தொலைநோக்கிகளைக் கட்டி மேய்த்தவள். அவற்றில் ஒன்றின் வழியாகக்கூட அவள் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. கண் வைக்கிற இடத்தில் கேமராவைத் திருகி வைத்திருந்தார்கள். "கண்ணு வைக்க இடமில்லாத தொலைநோக்கியும் கை விட இடமில்லாத சட்டையும் ஒண்ணுதான்" என்பாள். அவளுடையது பகல் வேலை. அவை விழிக்கிற நேரத்தில் அவள் வீட்டில் ஆட்டுக்குடலை அடுப்பில் ஏற்றியிருப்பாள்.

அவள் பிறந்தது கரூ என்ற வறண்ட நிலத்தில், க்ராய்ராண்ட் பண்ணையில்தான். பதினாறு வயதில் கம்பளி பிரிக்கிற மேசைக்கு முன்னால் நின்றவள், நாற்பது வரை அங்கேயே நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சிட்டிகை கம்பளியைக் கிள்ளிப் பார்த்து எந்தத் தரம் என்று சொல்வாள். கேப் டவுனிலிருந்து வந்த வியாபாரி கருவி வைத்துப் பார்த்துவிட்டு அதையே சொல்வான். "அதுக்குக் கருவி எதுக்கு, பாவம்" என்று அவனைப் பார்த்து உச்சுக்கொட்டுவாள்.

பிறகு மழை நின்றுபோனது. மூன்றாவது வருஷம் பண்ணைக்காரர் ஃப்ளோரிஸ் ஆடுகளை லாரியில் ஏற்றினார். அதே வாரம் மீட்டாவின் கணவன் அபோல்ஸும் வுஸ்டர் பக்கம் திராட்சை பறிக்கப் போனான். அங்கே அவனுக்கு இன்னொரு வீடு அமைந்துவிட்டதாகக் கேள்வி. "ஆடுங்களாச்சும் போறப்போ திரும்பிப் பாத்துச்சு" என்பதோடு மீட்டா அந்தப் பேச்சை முடித்துவிட்டாள்.

ஆடு மேய்ந்த மேட்டை ஃப்ளோரிஸ் 'ஏழு வானம்' என்ற அமைப்புக்கு வாடகைக்கு விட்டார். ஏழு நாட்டில் ஏழு குன்று. ஒரு குன்றில் விடியும்போது இன்னொன்றில் இருட்டும். ஆராய்ச்சிக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் எங்கோ நாற்காலியில் உட்கார்ந்தபடி 'இன்ன நட்சத்திரம் வேண்டும்' என்று எழுதிப் போடுவார்கள். எந்தக் குன்றில் எந்தத் தொலைநோக்கி அதைப் பார்ப்பது என்பதை இயந்திரமே முடிவு செய்யும். கூரை தானாகத் திறக்கும், தானாக மூடும். மனிதக் கையே படுவதில்லை என்பதுதான் அவர்களுடைய பெருமை. விளம்பரத்திலும் அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

அந்தப் படாத கை மீட்டாவுடையது.

கொட்டகைகளின் கூரை தண்டவாளத்தில் நகரும். தண்டவாளத்தில் பாறைமுயல் புழுக்கை போட்டு வைத்திருக்கும்; கூட்டித் தள்ளுவாள். காற்றுத் துவாரத்தில் தேனீ கூடு கட்டும்; புகை போடுவாள். வயரை எலி கடிக்கும். கடிப்பதற்கு முன்பே மிளகாய் விழுதைத் தடவி வைப்பாள். கண்ணாடியில் படிகிற புழுதியை எப்படி ஊதுவது என்பதைக் கொட்டகை போட வந்தவன் செய்ததை ஒரு தடவை பார்த்தே கற்றுக்கொண்டாள். பதினொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். நாலாம் கொட்டகை 'மாப்பிள்ளை'. முதுகில் தட்டினால்தான் எழுந்திருக்கும். ஏழாவது 'பாதிரி'. எந்நேரமும் அண்ணாந்தே கிடக்கும், ஒரு வேலைக்கும் உதவாது.

தலைமை அலுவலகம் பெல்ஜியத்தில் கெண்ட் நகரத்தில் இருந்தது. அங்கிருந்து வருகிற செய்திகளில் அவளுக்குப் பெயர் கிடையாது. 'கைகள்' என்று போட்டிருப்பார்கள். 'கைகள் கவனிக்க: நாலாம் கொட்டகையை அணைத்துத் திரும்பப் போடவும்.' நாத்தனார் டிரீனா அதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். டிரீனா அபோல்ஸின் தங்கை. ஊரில் பெரிய சபைக் கோவிலின் தரையைத் துடைக்கிறவள். அண்ணன் ஓடிப்போனாலும் மதினியை விடவில்லை.

"கால் இல்லையா மதினி உங்களுக்கு? வெறும் கைதானா?"

"வாயும் இருக்குன்னு அவனுங்களுக்கு இன்னும் தெரியல" என்றாள் மீட்டா.

வேலை செய்தால் கணினியில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். பழுது என்ன, எந்த நேரம், என்ன செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கட்டம் கட்டமாக இருக்கும். மீட்டா அதை ஒருநாளும் நிரப்பியதில்லை. பழுது வந்தால்தானே எழுத? வருவதற்கு முன்பே அவள் போய் நிற்பாள். நாலு வருஷத்தில் க்ராய்ராண்டின் கணக்கில் ஒரு பழுதுகூட ஏறவில்லை. மற்ற ஆறு குன்றுகளும் மாதம் பத்துப் பதினைந்து என்று அழுதுகொண்டிருந்தன.

இது கெண்ட் அலுவலகத்தின் கண்ணில் பட்டது. யோரிஸ் வெர்லிண்டன் என்பவர் ஒரு படப்பிடிப்பாளரோடு நேரில் வந்தார். ஏழு வானத்துக்கு ஏதோ பெரிய பரிசு கிடைத்திருந்ததாம். அதற்குப் படம் எடுக்க வேண்டும். மெலிந்த, நல்ல குணமுள்ள மனிதர். வெயிலில் இரால் போலச் சிவந்திருந்தார். அவர் பேசிய டச்சு மொழி மீட்டாவின் ஆப்பிரிக்கான்ஸுக்குப் பெரியம்மா பிள்ளை மாதிரி. அவளுக்குப் புரிந்தது, ஆனால் வளர்ந்த ஆள் மழலை பேசுவது போல இருந்ததால் சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது.

மீட்டா துடைப்பத்தோடு தண்டவாளத்தின் பக்கம் நின்றாள். படப்பிடிப்பாளன் கையைக் காட்டி ஏதோ சொன்னான்.

யோரிஸ் தயங்கித் தயங்கி வந்தார். "மீட்டா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் நிக்க முடியுமா? ஃப்ரேம்ல வர்றீங்க."

"வந்தா என்ன? எனக்குத் தலை இல்லையா?"

"அதில்ல. இது தானா இயங்குற இடம்னு காட்டுறோம். ஆள் நின்னா... குழப்பமாயிடும்."

"துடைப்பம் மட்டும் நிக்கட்டுமா? அதுவும் தானா கூட்டுதுன்னு காட்டலாமே."

யோரிஸ் இன்னும் சிவந்தார். மீட்டா நகர்ந்து நின்றாள். கூரை கிறீச்சென்ற சத்தம்கூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு திறந்தது. "பாருங்க, நாலு வருஷமா எண்ணெய்கூடப் போடல" என்று யோரிஸ் கேமராவைப் பார்த்துச் சொன்னார். அன்று காலைதான் மீட்டா ஆட்டுக்கொழுப்பை உருக்கித் தண்டவாளம் முழுக்கத் தடவியிருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் கடைசியில், ஃப்ளோரிஸ் அவள் வீட்டு வாசலுக்கு வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் தொப்பியைக் கழற்றினால் நல்ல செய்தி இருக்காது. ஆடு விற்ற அன்றைக்கும் அப்படித்தான் கழற்றினார்.

"மீட்டா, மெயில் வந்திருக்கு. ஜனவரிக்கு அப்புறம் இந்த இடத்துக்கு ஆள் தேவையில்லன்னு சொல்றாங்க. நாலு வருஷமா ஒரு பழுதும் இல்லையாம்."

மீட்டா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "அப்ப நான் நாலு வருஷமா என்ன பண்ணேனாம்?"

"படிவத்துல ஒண்ணும் இல்லையே."

"வீட்டுல திருடன் வரலன்னு நாயைத் துரத்துன கதையால்ல இருக்கு."

"நான் எடுத்துச் சொன்னேன்..."

"என்னன்னு சொன்னீங்க?"

ஃப்ளோரிஸ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. வாடகைப் பத்திரம் புதுப்பிக்கிற நேரம் அது.

"சரிய்யா, போங்க. ரொட்டி சுடணும்" என்றாள் மீட்டா.

அவள் அழவில்லை. ஆனால் அன்றைய ரொட்டி கல்லாக இருந்தது. அவ்வளவு குத்தியிருந்தாள். வேலை போனதைவிட, செய்த வேலையே நடக்கவில்லை என்று ஆக்கிவிட்டார்கள் என்பதுதான் அவளைத் தின்றது. அபோல்ஸாவது 'உன்கூட இருந்தேன், இப்போ இல்லை' என்று போனான். இவர்கள் 'நீ இருந்ததே இல்லை' என்கிறார்கள்.

மேட்டின் உச்சியில் ஒரு கம்பம் இருந்தது. அதன் தலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு தட்டு. மழைத்துளி பட்டால் அந்தத் தட்டு உணர்ந்துகொள்ளும். உடனே பதினொரு கூரையும் மூடிக்கொள்ளும். தட்டு காய்கிற வரைக்கும் திறக்காது. மீட்டா தினமும் ஏறி அதைத் துடைத்தது மழைக்காக அல்ல. க்ராய்ராண்ட் என்றாலே காக்கை மேடு என்றுதான் பொருள். வெள்ளை நெஞ்சுக் காக்கைகளுக்கு அந்தக் கம்பத்தைவிடப் பிடித்த ஆசனம் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. உட்கார்ந்த இடத்திலேயே அவை செய்கிற காரியத்தைத்தான் மீட்டா ஒவ்வொரு காலையும் துடைத்துப்போட்டாள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு நாள் மாலை அவள் சமையலறை ஜன்னல் வழியே மேட்டைப் பார்த்தாள். இருட்டுகிற நேரம். கூரைகள் நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை. கம்பத்தின் மேல் காக்கை உட்கார்ந்திருந்தது. மீட்டாவுக்கு அந்தக் கணமே விஷயம் விளங்கிவிட்டது. காபியை ஊற்றிக்கொண்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். நாளைக்குக் காலையில் போன் வரும் என்று அவள் கணக்குப் போட்டாள். 'மீட்டா, தயவுசெய்து' என்று யோரிஸ் கெஞ்சுவார். என்ன பதில் சொல்வது என்பதைக்கூட ஒத்திகை பார்த்துவிட்டாள்.

போன் வரவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரமாயிற்று. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. யாருக்கும் அது தேவைப்படவில்லை. ஒரு குன்றில் மழை என்றால் இயந்திரம் அந்த வேலையை மற்ற ஆறுக்கும் பங்கு போட்டுவிடும். கெண்டில் ஒருவர்கூட நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். க்ராய்ராண்டில் மழை பெய்கிறது, பெய்துவிட்டுப் போகட்டும். ஆறு வருஷமாக வானம் பார்த்துக் கிடக்கிற கரூ நிலத்தில், பிப்ரவரி வெயிலில், பத்து நாள் விடாமல் மழை பெய்யுமா என்று கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை.

ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் தொண்டையில் புளித்துப்போயிற்று. "நம்மளக் கூப்பிடுவான்னு உக்காந்திருந்தேன் பாரு, என்னைத்தான் செருப்பால அடிக்கணும்" என்று அவள் டிரீனாவிடம் சொன்னாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை டிரீனா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். சிரிப்பில் பேச்சு வரவில்லை.

"மதினி! உங்க மேட்டுல மழையாம்!"

"யாரு சொன்னா?"

"பாதிரியார்! பிரசங்க மேடையிலேருந்து! ஏழு வானக்காரன் இணையத்துல எழுதியிருக்கானாமே, 'க்ராய்ராண்டில் நீடித்த கனமழை'ன்னு. அதைப் பாத்துட்டு அவரு, 'நம் சகோதரர் ஃப்ளோரிஸ் நிலத்தில் கர்த்தர் கண் திறந்தார், நன்றி செலுத்துவோம்'னு சொல்லிட்டாரு. சபை மொத்தமும் எழுந்து பாடுது. நான் பின்னால வாளியோட நிக்கிறேன்."

"ஃப்ளோரிஸ் ஐயா?"

"அவருந்தான் பாடுனாரு! என்ன பண்ணுவாரு? எல்லாரும் அவரையே பாக்குறாங்க. அவரு பூட்ஸுல இருந்த புழுதியத் தட்டுனா வாசப்படி மறைஞ்சிடும்."

மீட்டா மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். டிசம்பருக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

அந்த வாரம் முழுக்க ஃப்ளோரிஸுக்குப் போன் ஓயவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர், "வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும் பெய்யுதாமே. கொஞ்சம் இந்தப் பக்கமும் தள்ளி விடப்பா" என்றாராம். இன்னொருவர் நூறு ஆட்டை ஓட்டிக்கொண்டு வரலாமா, புல் இருக்குமா என்று நிஜமாகவே கேட்டாராம். ஃப்ளோரிஸ் தாங்க முடியாமல் ஏணியை எடுத்துக்கொண்டு மேடேறினார். எதைத் துடைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. வானத்தைப் படம் பிடிக்கிற கேமராவின் கண்ணாடிக் குடை ஒன்று பளபளவென்று இருந்தது. அதுதான் முக்கியமானது போலத் தெரிந்தது. அரை மணி நேரம் கைக்குட்டையால் அதைத் தேய்த்துவிட்டு இறங்கினார். மழை தொடர்ந்து பெய்தது.

இருபத்து மூன்றாவது நாள் யோரிஸ் மீட்டாவைக் கூப்பிட்டார். கூப்பிட வைத்தது அவருடைய அறிவு அல்ல. லித்துவேனியாவில் ராமூனே என்றொரு பள்ளி ஆசிரியை. ஒளி கூடிக் குறைகிற ஒரு நட்சத்திரத்தை அவளுடைய வகுப்பு இடைவிடாமல் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் விடிந்தால் க்ராய்ராண்ட் பார்க்க வேண்டும். இங்கே விடிந்தால் சிலி. இரவை இரவலாகக் கொடுக்க முடியாது அல்லவா? க்ராய்ராண்டின் இரவை மற்ற குன்று எதுவும் ஈடுகட்ட முடியவில்லை. பிள்ளைகள் வரைந்த கோட்டில் தினமும் அதே இடத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. ராமூனே அந்த ஊர் வானிலை அறிக்கையைத் தேடிப் படித்துவிட்டு யோரிஸுக்கு ஒரே ஒரு வரி எழுதினாளாம்: 'இருபத்து மூன்று நாள் எந்த மேகத்திலிருந்து மழை பெய்கிறது?'

"மீட்டா, அங்கே நிஜமா மழையா?" என்றார் யோரிஸ்.

"காக்கா பீ."

"என்ன சொன்னீங்க?"

"காக்கா. பீ. தட்டு மேல. உங்க மெஷினுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல."

"ஓ." விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "நம்ம பழுதுப் பட்டியல்ல அப்படி ஒரு வகையே இல்லையே."

"காக்காகிட்ட சொல்லிப் பாருங்க."

"நீங்க ஒரு தடவை மேல போய்த் துடைச்சு விட்டா... ஒரு உதவியா..."

"உதவிக்கா? நான் ஃப்ரேம்ல வந்துடுவேனே, பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். இவ்வளவு நாள் காத்திருந்ததற்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

யோரிஸின் அலுவலகம் கூடிப் பேசியது. ஒரு தட்டு பொய் சொல்லலாம், மூன்று தட்டு சொல்லாது என்று முடிவாயிற்று. மூன்று புதுத் தட்டுகள் விமானத்தில் வந்தன. இரண்டு தட்டு மழை என்றால்தான் மழை. பெரும்பான்மை சொல்வதையே இயந்திரம் கேட்கும். ஃப்ளோரிஸ் கம்பத்தின் தலையில் நீளமாக ஒரு குறுக்குக் கட்டை அடித்து மூன்றையும் வரிசையாகப் பொருத்தினார். மீட்டா கீழே சுவரோரம் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்று ஃப்ளோரிஸ் ஏணியிலிருந்தே பெருமையாகக் கேட்டார்.

"ஒரு காக்கா உக்காந்துட்டு இருந்துச்சு. இப்ப குடும்பத்தோட உக்காரலாம். நல்ல மனசுய்யா உங்களுக்கு."

இரண்டு நாள் கூரை திறந்தது. மூன்றாவது நாள் பெரும்பான்மை முடிவுப்படி மழை பெய்தது.

நாற்பதாவது நாள் யோரிஸ் திரும்பக் கூப்பிட்டபோது குரலில் வெட்கம் இருந்தது. சுற்றி வளைக்கவில்லை. "நாங்க முட்டாள்தனம் பண்ணிட்டோம், மீட்டா. திரும்ப வாங்க."

அவள் அடுப்பில் இருந்ததைக் கிளறிவிட்டு வந்தாள். பிறகு சொன்னாள். "இனிமே என்னைக் கைகள்னு கூப்பிடக் கூடாது. பேரு இருக்கு. ஃப்ளோரிஸ் ஐயா வழியா எதுவும் வேணாம். வேலைக் காகிதம் நேரா எனக்கு வரணும். அப்புறம் அந்தக் கட்டம் போட்ட படிவம். அதை நான் தொட மாட்டேன். தினமும் நான் போன்ல சொல்வேன், என் மொழியில. அங்க யாராச்சும் உக்காந்து எழுதிக்கட்டும்."

"தினமுமா? பழுது இல்லாத நாள்ல என்ன சொல்வீங்க?"

"பழுது ஏன் இல்லன்னு சொல்வேன்."

யோரிஸ் ஒப்புக்கொண்டார். காகிதம் வந்த பிறகுதான், நாற்பத்தொன்றாம் நாள், அவள் மேடேறினாள். "நோவா காலத்து வெள்ளத்துக்கே மழை நாப்பது நாள்தான்" என்று காக்கையிடம் சொன்னாள். பழைய கம்பளித் துண்டைப் புளிக்காடியில் நனைத்து மூன்று தட்டையும் துடைத்தாள். ஃப்ளோரிஸின் குறுக்குக் கட்டையில் நெருக்கமாக ஆணிகளை அடித்து முனையை மேல்பக்கம் நிறுத்தினாள். காக்கை வந்து ஒரு வட்டம் அடித்தது, திட்டியது, கொட்டகைக் கூரைக்குப் போய்விட்டது. எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். கூரை திறக்கிறதா என்று பார்க்க அவள் நிற்கவில்லை.

அன்றிலிருந்து கெண்டில் ஒரு பெண் தினமும் உட்கார்ந்து மீட்டா சொல்வதை எழுதிக்கொண்டாள். பாறைமுயல், தேனீ, எலி, மிளகாய் விழுது, ஆட்டுக்கொழுப்பு எல்லாம் பட்டியலில் ஏறின. மார்ச் மாத அறிக்கையில் க்ராய்ராண்ட் ஏழு குன்றுகளிலேயே மிக மோசமான குன்றாகத் தெரிந்தது. யோரிஸின் மேலாளர்கள் கவலைப்பட்டார்களாம். ஃப்ளோரிஸ் அதைச் சொன்னபோது மீட்டா தோளைக் குலுக்கினாள்.

லித்துவேனியாவிலிருந்து ஒரு பொட்டலமும் வந்தது. உள்ளே தங்க விளிம்பு போட்ட பாராட்டுப் பத்திரம், 'திரு. எம். மல்காஸ்' என்ற பெயருக்கு. கூடவே பிள்ளைகள் வரைந்த நட்சத்திரக் கோடு. பத்திரத்தின் அட்டை நல்ல கெட்டியாக இருந்தது. கோழிக்கூண்டின் உடைந்த கதவுக்கு அளவாக வெட்டி அடித்தாள். கோடு போட்ட தாளை மட்டும் வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறி இறங்கி ஏறி இறங்கி வந்த கோடு நடுவில் நாள்தோறும் அறுந்து அறுந்து போயிருந்தது.

"என்ன மதினி இது, எலி கடிச்ச மாதிரி?" என்றாள் டிரீனா.

"இதுதான் நாலு வருஷமா நான் பாத்த வேலை" என்று அறுந்த இடங்களைத் தொட்டுக் காட்டிச் சொல்லி, அதை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள்.

மே மாதம் பதினெட்டாம் தேதி, மத்தியானம் இரண்டு மணிக்கு, மேற்கே கறுத்தது. மீட்டா துணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். துளி ஒவ்வொன்றும் ஆலங்கட்டி கனத்தில் விழுந்தது. ஃப்ளோரிஸ் தொப்பியில்லாமல் முற்றத்தில் நின்றுகொண்டு இரண்டு கையையும் விரித்து என்னவோ கத்தினார். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. போன் அடித்தது.

"மீட்டா, க்ராய்ராண்ட்ல மூணு தட்டும் மழைன்னு சொல்லுது" என்றார் யோரிஸ். அவர் பட்ட பாடு குரலில் தெரிந்தது. "கொஞ்சம் மேல போய்..."

மீட்டா சமையலறைக் கதவைத் திறந்து, தகரக் கூரைக்குக் கீழே போனை நீட்டிப் பிடித்தாள். கை வலிக்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றாள்.